மடைக்காரியும் குளிர் வளைகளும்

சேற்றில் புதைந்து கிடக்கும் எருமை மெல்ல எழுந்திருக்கும்போது ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம்தான் அது. முதலில் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு 'சளக்' என்று ஒன்று. அப்புறம் நெடுநேரம் தண்ணீர் ஓடும் ஓசை. குமிழி என்ற நீர்நாய் கண் திறந்து சில வாரமே ஆன குட்டியாக இருந்தபோது அதைக் கேட்டாள். மேற்கே அவர்கள் குடியிருந்த குளத்தின் கரை உடைந்த சத்தம். விடிந்து பார்த்தபோது அந்தக் குளத்தில் மீன் இருந்தது, அல்லி இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை.

அம்மா அவளை வாயில் கவ்விக்கொண்டு காடு கடந்து வந்து சேர்ந்த குளம் அல்லியேந்தல்.

அல்லியேந்தலை வெட்டியவர்கள் மனிதர்கள். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று காட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டவரும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது ஒரு நீண்ட மண்கரை, குளத்துக்குள் இரண்டு கல்தூண், தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு துளை, அதை மூட ஒரு குண்டுக்கல். இதுதான் மடை. கல்லைக் கொஞ்சம் விலக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கத்துக் கிழங்குப் பள்ளத்தில் போய் விழும். கல்லை நெருக்கினால் வரத்து குறையும். காடு முழுவதும் சாப்பிட்டது அந்தப் பள்ளத்துக் கிழங்கைத்தான். தண்ணீருக்குள் மூழ்கிக் கல்லைத் தள்ள நீர்நாயால்தான் முடியும். அதனால் மடைக்காரி வேலை குமிழியின் அம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்குப் பிறகு குமிழிக்கு.

காட்டுச் சபை அவளுக்குக் கொடுத்திருந்த கட்டளை ஒரே வரி. "பள்ளத்தில் கிழங்கு காயவும் கூடாது, அழுகவும் கூடாது."

தினமும் காலையில் குமிழி பள்ளத்துக்குப் போவாள். ஒரு கிழங்கைத் தோண்டி ஒரு கடி கடிப்பாள். நீர்நாய்க்குக் கிழங்கு பிடிக்காது. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் கடிப்பாள். நார் நாராகக் காய்ந்திருந்தால் கல்லை ஒரு விரல் விலக்குவாள். கொழகொழவென்று இருந்தால் ஒரு விரல் நெருக்குவாள். கடித்ததைத் துப்பிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவாள்.

மழையும் தப்பாமல் பெய்தது. குமிழியின் கையும் தப்பவில்லை. கிழங்குகள் வெள்ளை வெளேரென்று, கடித்தால் 'நறுக்' என்று இருந்தன. தின்றது போக மிச்சம் இருந்தது. மிச்சம் இருந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது அல்லவா?

பூமிநாதன் என்ற பெருச்சாளிக்குத்தான் முதலில் அந்த யோசனை வந்தது. கோடை வெயிலுக்கு ஒதுங்கக் கரையில் ஒரு வளை தோண்டினான். தண்ணீர்ப் பக்கமாகப் போகப் போக மண் சில்லென்று இருந்தது. கடைசியில் முதுகைச் சாய்த்தால், அந்தப் பக்கம் நிற்கும் குளத்தின் குளிர்ச்சி எலும்பு வரைக்கும் இறங்கியது. பூமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றான். வாசலில் நின்ற மரநாய் ஒன்று, "எனக்குத் தர்றியா? ஒரு கூடை கிழங்கு தர்றேன்" என்று கேட்டது.

பூமிநாதன் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்று தோண்டினான். மரநாய் தன் வளையை ஒரு கீரிக்கு இரண்டு கூடைக்குக் கொடுத்தது. கீரி அதை உடும்புக்கு நான்கு கூடைக்குக் கொடுத்தது. உடும்பிடம் நான்கு கூடை இல்லை. அடுத்த பருவத்துக் கிழங்கைத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கரையோரத்து மருதமரத்தடியில் சந்தை மாதிரி ஒரு கூட்டம். எந்த வளை எவ்வளவு குளிர்ச்சி என்பதுதான் பேச்சு. வளை ஆழமாக இருந்தால் குளிர்ச்சி அதிகம், குளிர்ச்சி அதிகமானால் விலை அதிகம். அதனால் வாங்கியவர்கள் எல்லோரும் பூமிநாதனைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு முழம் உள்ளே தோண்டு" என்றார்கள். பூமிநாதன் மீசையில் மண் ஒட்ட ஒட்டத் தோண்டினான்.

ஒரு நாள் குமிழி பள்ளத்திலிருந்து திரும்பும்போது, சிங்காரம் என்ற மயில் கரைமேல் நின்று ஒரு வளை வாசலையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சிங்காரண்ணே, இங்க நிக்கிறீங்க?"

"நம்ம வளைம்மா. நேத்துதான் முடிஞ்சுது."

குமிழி வளையைப் பார்த்தாள். அவனுடைய தோகையைப் பார்த்தாள். மறுபடி வளையைப் பார்த்தாள். "நீங்க இதுக்குள்ள எப்படிப் போவீங்க?"

"போறதுக்கு யாரு வாங்கினா?"

"பின்னே?"

"குடுக்கறதுக்கு."

"யாருக்கு?"

"என்னைவிட ஆசைப்படறவங்களுக்கு."

"அவங்க வந்து குடியிருப்பாங்களா?"

"அது அவங்க பாடு. அவங்களும் குடுப்பாங்க." சிங்காரம் கழுத்தை நீட்டி மருதமரத்துப் பக்கம் பார்த்தான். "முள்ளம்பன்றி மூணு வளை வெச்சிருக்கான், தெரியுமா? முள்ளு மாட்டிக்கும்னு ஒண்ணுலயும் நுழையறதில்லை. புதர்ல படுத்துக்கறான். அவன் என்ன பைத்தியமா?"

குமிழி குனிந்து வளைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே இருட்டு. அந்த இருட்டு எவ்வளவு தூரம் போகிறது, குளம் எங்கே தொடங்குகிறது, நடுவில் எவ்வளவு மண் மிச்சம் என்று யோசித்தாள்.

சபைக்கு யோசனை சொல்பவர் நெடுங்காலனார் என்ற நாரை. ஒற்றைக் காலில் நின்றுதான் பேசுவார். இரண்டு காலையும் ஊன்றினால் யோசனை வராது என்பார். குமிழி அவரிடம் போனாள்.

"கிழங்கு எப்படி இருக்கு?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"நல்லா இருக்குங்க."

"காயலையே? அழுகலையே?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

"வளை விலை ஏறிக்கிட்டே போகுதுங்க ஐயா."

"ஏறட்டும். ஒரு வளை எத்தனை கூடை பெறும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. சரியான விலை எதுன்னே தெரியாதப்ப, இது அதிகம்னு எதை வெச்சுச் சொல்றே?"

"மயில் ஒரு வளை வாங்கியிருக்குங்க."

நெடுங்காலனார் காலை மாற்றி ஊன்றினார். "மயிலுக்கு என்ன ஆசையோ" என்றார் பிறகு. "சரி, அதிகம்னே வெச்சுக்கோ. நீ என்ன செய்வே? உன் கையில இருக்கறது ஒரே ஒரு கல்லு. அதை நெருக்கினா யாருக்கு வலிக்கும்? பூமிநாதனுக்கா? பள்ளத்துல குட்டிகளோட இருக்காளே செவ்வந்தி முயல், அவளுக்கு. அவகிட்ட ஒரு வளைகூடக் கிடையாது. விலை ஏத்தினவன் ஒருத்தன், வயிறு காயறவ ஒருத்தியா?"

"ஒரு நாள் எல்லாம் சரிஞ்சு விழுந்தா?"

"அன்னிக்குத் தண்ணியைத் தாராளமா விடு. கிழங்கு விளையும். விழுந்தவங்க எழுந்திரிச்சுடுவாங்க. விழுந்தவங்களைத் தூக்கறது சுலபம் குமிழி. யார் விழப்போறாங்கன்னு முன்கூட்டிக் கண்டுபிடிக்கறதுதான் யாராலும் முடியாது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் குமிழிக்குப் படவில்லை. வீடு வரைக்கும் அதையே அசைபோட்டுக்கொண்டு போனாள். கல்லுக்குப் போக மூழ்கியபோதுதான், நாரை ஐயா ஒரு தடவைகூடத் தண்ணீருக்குள் இறங்கிக் கரையின் உட்புறத்தைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. அவளும்தான் பார்த்ததில்லை. கல்லுக்குப் போவாள், கல்லிலிருந்து வருவாள். அன்று கரையை ஒட்டி நீந்தினாள்.

கரையின் உட்புற மண்ணிலிருந்து சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மணிமணியாக, அழகாக. வளைக்குள் இருப்பது காற்று. காற்று வெளியே வருகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

விலை சரிந்தால் எழுந்துகொள்ளலாம். கரை சரிந்தால் எதைக் கொண்டு எழுவது? தண்ணீரைத் தாராளமாக விடுவதற்கு அன்றைக்குத் தண்ணீர் எங்கே இருக்கும்?

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவளிடம் இருந்தது ஒரு கல். கவலை வந்தபோது கை அந்தக் கல்லுக்குத்தான் போயிற்று. 'தண்ணீரைக் குறைத்தால் கிழங்கு குறையும். மிச்சக் கிழங்கு குறைந்தால் வளை வாங்க யாரிடமும் எதுவும் இருக்காது. விலை தானாக இறங்கும். தோண்டுவது நிற்கும்' என்று கணக்குப் போட்டாள். கல்லை இரண்டு விரல் நெருக்கினாள்.

கொஞ்ச நாளில் பள்ளம் வறண்டது. கிழங்கு விறகு மாதிரி ஆயிற்று. முதலில் வந்தவள் செவ்வந்திதான். குட்டிகள் பின்னால் வரிசையாக நின்றன.

"அக்கா, மடையில ஏதாவது கோளாறா?"

"இல்லைம்மா. நான்தான் நெருக்கியிருக்கேன்."

"நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. கரையில வளை விலை..."

"வளையா? எனக்கு வளையே இல்லையே அக்கா."

குமிழி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அவளை உண்மையில் கலங்கடித்தது அடுத்து நடந்ததுதான். பூமிநாதன் ஓடி வந்தான். கோபமாக வருகிறான் என்று நினைத்தாள். அவனோ அவள் காலில் விழாத குறை.

"தாயி, நீ நல்லா இருக்கணும்! என்ன குளிர்ச்சி, என்ன குளிர்ச்சி! மண்ணு வெண்ணெய் மாதிரி வருது. ஒரு கையால தோண்டறேன்."

குமிழிக்கு முதலில் புரியவில்லை. திரும்பிக் குளத்தைப் பார்த்தாள். புரிந்தது. மடையை நெருக்கியதால் வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளேயே நின்று குளம் ஏறியிருந்தது. குளம் ஏறியதால் கரை ஊறியிருந்தது. கரை ஊறியதால் வளைகள் எல்லாம் முன்னைவிடக் குளிர்ந்திருந்தன. விலை இறங்கவில்லை. இரண்டு மடங்காகியிருந்தது. கிழங்கு கிடைக்காதவர்கள், "கிழங்கை நம்பிப் புண்ணியமில்லை, வளையாவது கையில் இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்துச் சேர்த்து வைத்ததையும் கொண்டுபோய்ப் பூமிநாதனிடம் கொடுத்தார்கள்.

எதை அடக்கக் கல்லைத் தொட்டாளோ அது கொழுத்தது. எதைக் காக்க வேலைக்கு வைத்தார்களோ அது காய்ந்தது. எது உடையக்கூடாது என்று பயந்தாளோ அதன்மேல் தண்ணீர் இன்னும் கனமாகச் சாய்ந்து நின்றது.

அன்றே கல்லைப் பழையபடி விலக்கினாள். செவ்வந்தியின் பள்ளத்துக்கு ஈரம் வந்தது. மருதமரத்தடியில் அதற்கும் கொண்டாட்டம்தான்.

"நான் சொல்லலை?" என்றான் சிங்காரம் எல்லோரிடமும். "கொஞ்சம் கஷ்டம் வந்தா மடைக்காரி தண்ணியைத் திறந்து விட்டுடுவா. அவ இருக்கறவரைக்கும் நமக்குப் பயமில்லை. நான் இன்னொரு வளை வாங்கப் போறேன்."

"அதுலயாவது உங்க தோகை நுழையுமா?" என்று ஒரு ஓணான் கேட்டது.

"உன்னை யாரு கேட்டா? நீ போய் வேலியில உக்காரு."

நெருக்கினாலும் கொண்டாடுகிறார்கள், விலக்கினாலும் கொண்டாடுகிறார்கள். குமிழி தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி வெகுநேரம் யோசித்தாள். கல் பள்ளத்துக்கு ஆனது. கரையில் விழும் ஓட்டைக்குக் கல் மருந்தில்லை. ஓட்டைக்கு மருந்து மண். நெடுங்காலனார் சொன்னதில் பாதி சரி. கல்லைத் தொடாதே என்றது சரி. ஆனால் கரையைப் பார்க்காமல், விழுந்த பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்றதுதான் சரியில்லை.

சபை கூடியபோது எழுந்து நின்றாள்.

"ரெண்டே விஷயம் கேக்கறேன். ஒண்ணு, வளை வெச்சிருக்கறவங்க அவங்கவங்க வளையோட கடைசியில ஒரு முழத்துக்குக் களிமண் அடைக்கணும். ரெண்டு, ஒரு வளையை வாங்கறவங்க முதல்ல ஒரு ராத்திரி அதுக்குள்ள படுத்துத் தூங்கணும். தூங்கினாத்தான் வளை."

சபை சிரித்தது. எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். சிங்காரம் தோகையைச் சுருட்டிக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டான்.

"எவன் எங்க படுக்கறான்னு எட்டிப் பாக்கறதா மடைக்காரி வேலை?" என்றான் பூமிநாதன். "களிமண் அடைச்சா குளிர்ச்சி போயிடும். குளிர்ச்சி போனா விலை போயிடும். விலை போனா சபையில இருக்கற பெரியவங்களே நஷ்டப்படுவாங்க. நான் என்னைச் சொல்லலை."

சபையில் இருந்த பெரியவர்கள் கனைத்துக்கொண்டார்கள். அவர்களில் வளை இல்லாதவர் யாரும் இல்லை.

நெடுங்காலனார் காலை மடக்கியபடி சொன்னார்: "நியாயமான யோசனைதான். ஆனா இது இவ சொல்லவேண்டிய யோசனை இல்லை. மடைக்காரிக்கு மடை, சபைக்குச் சபை. மழைக்காலம் முடியட்டும், நிதானமாப் பேசுவோம்."

மழைக்காலம் நிதானமாக வரவில்லை. ஐப்பசியில் வானம் கிழிந்தது மாதிரி பெய்தது. காட்டோடைகள் எல்லாம் ஏந்தலுக்குள் ஓடி வந்தன. மிஞ்சிய தண்ணீர் வழிந்துபோக ஒரு காலத்தில் கலிங்கு ஒன்று இருந்தது. ஆலமர வேர் இறங்கி அதை அடைத்து எத்தனையோ காலமாயிற்று. குளம் கரையின் தலைக்குக் கீழே ஒரு முழத்தில் நின்றது.

மத்தியானம் குமிழி மூழ்கிப் பார்த்தாள். கரையின் உட்புறத்தில் இப்போது காற்றுக் குமிழிகள் இல்லை. அங்கங்கே மண் நூல் நூலாகப் பிரிந்து உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. புகை போல. மேலே வந்தவள் மூச்சு வாங்கியபடி கரையின் வெளிப்புறம் ஓடினாள். வளை வாசல்களில் கலங்கல் தண்ணீர் கசிந்தது. களிமண் அடைக்க இனி நேரமில்லை. சொன்னால் கேட்க யாரும் இல்லை. எல்லோரும் பாறை இடுக்குகளில் ஒண்டியிருந்தார்கள், வளை வாங்கியவர்கள் உட்பட.

குளத்தை இறக்கினால் ஒழியக் கரை நிற்காது. குளத்தை இறக்க ஒரே வழி, கல்லை முழுக்கப் பிடுங்குவது. பிடுங்கினால் பள்ளம் மூழ்கும், கிழங்கு அழுகும். அழுகக்கூடாது என்பதுதான் கட்டளை.

குமிழி முதலில் பள்ளத்துக்கு ஓடினாள்.

"செவ்வந்தி, குட்டிகளைத் தூக்கிக்கிட்டுப் பாறைமேட்டுக்குப் போ."

"ஏன் அக்கா?"

"பள்ளத்தை முழுகடிக்கப் போறேன்."

"கிழங்கு?"

"அழுகிடும்."

செவ்வந்தி அவளையே பார்த்தாள். "அப்ப நாங்க என்ன திங்கறது?"

"தெரியலைம்மா. முதல்ல ஏறு."

திரும்பி வரும்போது கரைமேல் நெடுங்காலனார் நனைந்தபடி நின்றிருந்தார். மழையில் அவர் இரண்டு காலையும் ஊன்றியிருந்தார்.

"கல்லைப் பிடுங்கப் போறியா?"

"ஆமாங்க."

"கட்டளை தெரியுமில்லே?"

"தெரியுங்க. கரை போச்சுன்னா கிழங்கு எதுல விளையுங்க?"

"கரை போயிடும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

கல் லேசில் வரவில்லை. தண்ணீரின் எடை முழுவதும் அதன்மேல் இருந்தது. தோளைக் கொடுத்தாள், முதுகைக் கொடுத்தாள், பல்லைக்கூடக் கொடுத்தாள். கடைசியில் கல் புரண்டது. துளை அவளையும் இழுத்தது. தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கரைக்கு அடியில் தண்ணீர் கர்ஜித்துக்கொண்டு போயிற்று.

மழை விட்டபோது ஏந்தலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. பள்ளம் ஒரு பழுப்புக் குளமாகக் கிடந்தது. கரை நின்றது.

பிறகு காடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கிழங்கு அழுகிய நாற்றம் மலை வரைக்கும் வீசியது. எல்லோரும் காட்டுக்காயும் புளித்த இலையும் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் இறங்கியதால் வளைகளில் குளிர்ச்சி போயிற்று. வெயில் ஏறியதும் வளைக்குள் அடுப்புப் போலக் காய்ந்தது. சிங்காரம் தினமும் சாயங்காலம் மருதமரத்தடியில் நின்று கூவினான். எட்டுக் கூடைக்கு வாங்கிய வளையை நாலு கூடைக்கு என்றான். ஒரு கூடைக்கு என்றான். கடைசியில், "ஒரே ஒரு கிழங்கு குடுங்க போதும்" என்றான். அந்த ஒரு கிழங்கும் அப்போது யாரிடமும் இல்லை.

சபை கூடியது.

"கரை உடைஞ்சுதா?" என்று கேட்டான் பூமிநாதன். "இல்லை. உடையாத கரைக்காக நம்ம கிழங்கை அழுக வெச்சிருக்கா. என் வளையெல்லாம் போச்சு. இவ அன்னிக்குச் சும்மா இருந்திருந்தா நாம எல்லாரும் இன்னிக்கு நல்லா இருந்திருப்போம்."

உடைந்த கரை என்றால் அது தானே சாட்சி சொல்லும். உடையாத கரை எதைச் சொல்லும்?

செவ்வந்தி எழுந்தாள். "என் குட்டிங்க பட்டினி. எனக்கும் இவமேல கோபம்தான்" என்றாள். பிறகு, "ஆனா நேத்து நான் குளத்துப் பக்கமாப் போனேன். தண்ணி இறங்கின இடத்துல கரையைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வெச்சா பொத்துக்கிட்டுப் போகுது. உள்ள வளை. அப்படி எத்தனையோ இடம். நீங்களும் போய்த் தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள்.

போய்ப் பார்த்தார்கள். பூமிநாதனும் பார்த்தான். அவன் நகம் பட்டதும் ஒரு கைப்பிடி மண் உதிர்ந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அவன் மீசை துடிப்பது நின்றது. எல்லோரும் சபைக்குத் திரும்பினார்கள்.

நெடுங்காலனார்தான் கடைசியில் பேசினார். "கட்டளையில ஒரு வரி குறைஞ்சிருக்கு. அது சபையோட தப்பு. இருந்த வரியை மீறினது இவளோட தப்பு. ரெண்டும் உண்மை. நான் சொன்னதும் தப்புதான். விழுந்த பிறகு தூக்கிக்கலாம்னேன். இது தூக்கக்கூடிய சாமான் இல்லை."

சபை முடிவு செய்தது. கட்டளையில் இன்னொரு வரி சேர்ந்தது: "கரையையும் பார்." வளை வைத்திருப்பவர்கள் களிமண் அடைக்க வேண்டும். தூங்கினால்தான் வளை. கட்டளையை மீறியவள் மடையில் இருக்கக்கூடாது என்பதால், மடைக்காரி வேலை குமிழியின் சித்தி மகளுக்குப் போயிற்று.

"அவ சொன்னதையெல்லாம் எடுத்துக்கிட்டு அவளை மட்டும் வேண்டாங்கறீங்களே" என்றாள் செவ்வந்தி.

"அது அப்படித்தான்" என்றார் ஒரு பெரியவர்.

வெயில் காலம் முழுவதும் காடு கூடிக் கரையை அடைத்தது. பூமிநாதன் தான் தோண்டியதையெல்லாம் தானே மூடினான். தோண்டியதைவிட மூடுவதற்கு இரண்டு பங்கு நேரமாயிற்று. சிங்காரம் அலகில் களிமண் சுமந்தான். ஒரு உருண்டைக்கு ஒரு தரம் தோகையில் சேறு பட்டுவிட்டது என்று அங்கலாய்த்தான். அடுத்த பருவத்தில் பள்ளத்தில் கிழங்கு விளைந்தது. கடித்தால் 'நறுக்' என்று இருந்தது.

ஒன்றைக் காக்கப் பொறுப்பேற்றவர்கள் அதை மட்டுமே பார்த்தால் போதாது. அதைத் தாங்கி நிற்கும் கரையில் ஓட்டை சிறிதாக இருக்கும்போதே மண்ணால் அடைக்காவிட்டால், பெரிதான பிறகு தண்ணீரால் எல்லோரையும் வருத்த வேண்டிவரும்.

வேலை போன குமிழி கிழக்கே ஓர் ஆற்றுக்குப் போய், சில கோடைகள் மீன் பிடித்து வாழ்ந்து, அங்கேயே மணலில் இறந்துபோனாள்.